பதினான்காம் பிரிவு

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது.
இரும்புத்தாது ஏற்றும் துறையில் ஒரு கப்பலும் இல்லை.
இரண்டாம் மாடியில் எங்கள் மேசை வேண்டுமென்றே வட்டம்:
எதிர்த்தரப்பாய் உட்கார அதில் இடமில்லை என்று நம்பிக்கை.
இருந்தும் வென்டல் கோஸ்கி
நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

முதல் நாளே நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.
பேச்சு முறிந்து நீதிமன்றம் போவதானால்
நானும் ஹால்வர்சனும் விலகிவிட வேண்டும்.
அவர்கள் புது வக்கீல் தேடி
முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.
சண்டை மூண்டால் எங்களுக்குக் கூலி இல்லை.
இதைவிட நல்ல கடிவாளம் வக்கீலுக்குக் கிடையாது.

பத்தொன்பது வருடம் கூண்டருகே நின்றவள் நான்.
"ஆமா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று
எத்தனை பேரைப் பாதி வாக்கியத்தில் நறுக்கியிருக்கிறேன்.
இப்போதும் வென்டல் தேதியை மாற்றிச் சொன்னால்
நாக்கு ஊறுகிறது.
தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

வீடு எளிதாகத் தீர்ந்தது.
ஓய்வூதியம் எளிதாக இல்லை, ஆனால் தீர்ந்தது:
இருவருக்கும் பொதுவாய்க் கணக்குப் பார்க்க பெத் வந்தாள்,
அவள் பென்சில் யார் பக்கமும் சாயாது.
பனியில் துளையிட்டு மீன்பிடிக்கும் குடில் அவருக்கு.
ஃப்ரீசரில் இருக்கும் மான்கறி பாதிப்பாதி.
ப்ளூபெர்ரி முழுக்க லொரெய்னுக்கு.
"பறித்தது யார்?" என்றாள். அவர் பேசவில்லை.

மூன்றாம் அமர்வில் எல்லாம் நின்றுபோனது
ஒரு தொலைபேசி எண்ணில்.

சமையலறைச் சுவரில் இன்னும் தொங்கும் பழைய போன்.
மாதம் முப்பத்தொரு டாலர்.
ரத்து செய்யலாமே என்று பெத் கோடிழுக்கப் போனாள்.
"வேண்டாம்!"
காலையிலிருந்து ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு வாய்,
ஒரே நேரத்தில்.

டேரன் வீட்டைவிட்டுப் போய் நான்கு குளிர்காலம்.
கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.
அவனுக்கு மனப்பாடமானது
ஆறு வயதில் அவள் பாட்டாய்ச் சொல்லிக்கொடுத்த
இந்த ஓர் எண்தான்.

"என்னிடம் இருக்கட்டும்."
"என்னிடம்."
"அவன் உங்களோடு பேசமாட்டான்."
"அவன் போனது யாரால்..."

நீதிமன்றமாயிருந்தால் இங்கே நான் எழுந்திருப்பேன்.
அந்த அரை வாக்கியத்தைப் பிடித்து
ஒரு மதியம் முழுக்க உரித்திருப்பேன்.
நீதிபதி எண்ணின் சந்தை மதிப்பைக் கேட்டிருப்பார்.
வாய்தா விழுந்திருக்கும்.

ஹால்வர்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஹீட்டர் மட்டும் முனகியது.
பிறகு கேட்டேன், குறுக்கு விசாரணையாய் அல்ல,
உண்மையில் விடை தெரியாமல்:
"யார் எடுத்தால் அவன் வைத்துவிடாமல் பேசுவான்?"

லொரெய்ன் மேசையைப் பார்த்தாள்.
"தெரியாது."
வென்டல் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.
"எனக்கும்."

அந்த இரண்டு தெரியாதுகளின் மேல்தான் எழுதினோம்.
பிரிவு பதினான்கு:
எண் வீட்டிலேயே இருக்கும்.
நான்கு மணியடித்தும் எடுக்க ஆளில்லையேல்
அழைப்பு அவரது வாடகை அறைக்கு மாறும்.
கட்டணம் சரிபாதி.
யார் எடுத்தாலும் மற்றவருக்கு அன்றிரவே சொல்ல வேண்டும்.
எத்தனை காலத்துக்கு என்ற இடத்தில்
ஹால்வர்சனின் பேனா நின்றது.
காலியாக விட்டோம்.

மார்ச் கடைசியில் தீர்ப்பு தபாலில் வந்தது.
நீதிபதி அவர்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

அழைப்பு மாறுகிறதா என்று சோதிக்கும் வேலை எனக்கு.
வியாழன் மாலை,
லொரெய்ன் சொல்லிவைத்தபடி வெளியே போயிருந்த நேரம்,
அவள் முணுமுணுத்துக் காட்டிய அந்த மெட்டிலேயே
எண்ணை அழுத்தினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
ஒரு சொடுக்கு.
ஐந்தாம் மணி முடியுமுன் எடுத்துவிட்டார்.

"ஹலோ?"

அப்படியொரு ஹலோவை
எந்தச் சாட்சியிடமிருந்தும் நான் வாங்கியதில்லை.

"நான்தான்" என்றேன். "சோதனை. வேலை செய்கிறது."
"நல்லது" என்றார்.
இருவருமே உடனே வைக்கவில்லை.