ஒரு கோடு போதும்

தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது.
வெள்ளை மை பூசக் கூடாது,
மேலே மேலே எழுதிக் கருக்கக் கூடாது.
ஒரே ஒரு கோடு.
அடியில் உள்ளது தெரிய வேண்டும்.
பக்கத்தில் நேரம், பெயரின் முதலெழுத்து.
பயிற்சிக் காலத்தில் இதற்கு இரண்டு மதிப்பெண்.

மும்பை, ஜூலை மழை.
தண்டவாளத்தை ஒட்டிய மாநகராட்சி ஆஸ்பத்திரி,
ஆண்கள் வார்டு: கட்டில் நாற்பது,
தரையில் பதினொருவர்,
ராத்திரிக்கு நானும் சாயலி என்ற மாணவியும்.
ஜன்னலடியில் சொட்டுக்கு ஒரு பக்கெட்.

முப்பத்தொன்று, இசக்கியப்பன்.
தாராவியில் தோல் பட்டறை.
மராத்தியில் கேட்டால் இந்தியில் முனகுவார்.
"எந்த ஊரு அண்ணாச்சி?" என்றதும்
கண்ணை முழுசாகத் திறந்தார்.
முதுகைத் துடைக்கையில் பார்த்தேன்,
வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு.
விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை.
எழுதினேன்.

இரண்டு மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும்.
வைக்கவில்லை.
ஒன்பதாம் கட்டிலில் வலிப்பு,
தரையில் ஒருவர் ரத்தமாக வாந்தி.
அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
விடிவதற்குள் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுத் தள்ளுகிற கை
எனக்கும் உண்டு. போட்டும் இருக்கிறேன்.
அன்று போடவில்லை.
நேர்மை என்று சொல்லிவிடாதீர்கள்,
பேனாவைச் சாயலி வாங்கிப் போயிருந்தாள்.

2.40. ரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. கால்மாட்டை உயர்த்தினேன்.
2.42. டாக்டர் தாம்ஹணேக்கு ஃபோன். எடுக்கவில்லை.
2.47. மறுபடியும்.
2.55. வார்டு பாய் தத்தாராமை மேல்மாடிக்கு அனுப்பினேன்.
3.35. டாக்டர் வந்தார்.
முப்பத்தாறு மணி நேர டியூட்டி,
ஒரு காலில் சாக்ஸ் இல்லை.
(சாக்ஸை எழுதவில்லை.)
4.50.

காலையில் கேட்டார், மிரட்டாமல்,
கிட்டத்தட்டக் கெஞ்சலாக:
"மூணு முப்பத்தஞ்சை மூணு அஞ்சு ஆக்கிடலாமே சிஸ்டர்.
ஒரு கோடுதானே?"
"கோடு போடுறது தப்பைத் திருத்த, டாக்டர்.
இது தப்பா எழுதலையே."
இருவர் கையிலும் டீ ஆடை கட்டியது.

விசாரணை ஒன்றரை வருஷம் கழித்து.
வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"இந்த நேரமெல்லாம் நினைவிருக்கிறதா?"
"இல்லை. எழுதியிருக்கிறேன்."
"இங்கே ஒரு கோடு?"
"நாடித்துடிப்பு. நூற்றுப் பதினான்கு என்று எழுதினேன்,
மறுபடி எண்ணிப் பார்த்தேன், நூற்று நான்கு."
"இரண்டு மணிக் கட்டம்?"
"செய்யவில்லை."
அதன்பிறகு கொஞ்ச நேரம் ஃபேன்தான் பேசியது.
எனக்கும் ஒரு மெமோ வந்தது.
ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.

வராந்தாவில் மகன் நின்றிருந்தான்,
கையில் ஹெல்மெட், அதற்குள் மழைத்தண்ணீர்.
என்னைத் திட்டுவான் என்று நினைத்து நின்றேன்.
"அக்கா, அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

எழுதாதது நடக்காததற்குச் சமம் என்று படித்தவள் நான்.
நாடி, மூச்சு, சூடு,
உள்ளே போன நீர், வெளியே வந்த நீர்.
பேச்சுக்கு அந்தத் தாளில் பத்தி கிடையாது.

நாலு மணியைத் தாண்டியிருக்கும்.
'இருக்கும்' என்றுதான் சொல்ல முடிகிறது.
"முத வண்டி போயிருச்சாம்மா?" என்றார்.
"இன்னும் இல்ல, அண்ணாச்சி."
"அப்பம் செத்த தூங்குதேன்.
சத்தம் கேட்டா எழுப்பு."