பன்னிரண்டு மைக்ரான்

நிபாடு பக்கம் சோதனை விமானம் கிளம்பினால்
திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிப்பவர்கள்கூட
அண்ணாந்து பார்ப்பதில்லை.
மந்தார் மட்டும் பார்ப்பான்.
டீக்கடையில் கடன் சொல்லும்போதும்
வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டுப் பார்ப்பான்.

என்னைவிடப் பதினோரு நிமிஷம் இளையவன்.
ஒரே நாளில், ஒரே பெஞ்சில் அப்ரண்டிஸ் தேர்வு.
எனக்கு எழுபத்தொன்று, அவனுக்கு அறுபத்தொன்பது.
கதவு எழுபதில் இருந்தது.

நான் உள்ளே போனேன்.
கழுத்தில் நீல அட்டை, குவார்ட்டர்ஸ்,
மூன்று ரூபாய்க்குப் போஹா,
முதல் நாளே எழுதிவிட்ட ஓய்வுபெறும் தேதி.
அவன் அம்பட் பேட்டையில் தகரக் கொட்டகை பிடித்தான்.
ஜப்பானில் உழைத்து ஓய்ந்த மில்லிங் மெஷின் ஒன்று
மேகனாவின் வளையல்களை வாங்கிக்கொண்டு
கப்பலேறி வந்து சேர்ந்தது.

இறக்கைக்குள் எரிபொருள் குழாயைப்
பிடித்திருக்கும் கவ்வியை
இப்போது அவன் செய்கிறான்.
அளந்து பார்ப்பவள் நான்.
உறவைச் சொல்லி, விலக்கிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.
வேறு ஆள் இல்லை என்று அதே தாளில் பதில் வந்தது.

நாற்பது அனுப்பினான். முப்பத்தொன்பது சரி.
ஒன்றில் துளை பன்னிரண்டு மைக்ரான் பெரிது.
தலைமுடியை ஆறாய்ப் பிளந்தால் ஒரு பங்கு.
சிவப்புச் சீட்டுக் கட்டினேன்.

சண்டை போடவில்லை அவன்.
"உங்கள் ஷாப்பிலேயே செய்திருந்தால்
சலுகைக் குறிப்பு எழுதி ஏற்றியிருப்பீர்கள், சுமேதா"
என்றான்,
சீட்டின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே.

ஜூலையில் கேட் மீட்டிங்.
தாரைவார்க்காதே, தாரைவார்க்காதே,
மக்கள் சொத்தைத் தனியாருக்குத் தாரைவார்க்காதே!
தொண்டை கட்டும்வரை கத்தினேன்.
கேட்டுக்கு வெளியே, மழையில்,
டீசலை மிச்சம்பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு
ஒரு டெம்போ நின்றிருந்தது.
உள்ளே தனியார் உட்கார்ந்திருந்தார்,
மடியில் டிபன் டப்பாவோடு.
என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

சின்னர் சாலையில் இருக்கும்
கண்ணாடிக் கட்டடக்காரர்களும் ஒருமுறை அவனைக் கூப்பிட்டார்கள்.
முப்பதாம் நாள் பணம், நாள் தவறாது;
விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சீவிவிட்டு.
கடலுக்கு அப்பால் யாரோ எண்ணிக்கையைக் குறைக்க
இரண்டு வரி மின்னஞ்சலில் மந்தார் முடிந்துபோனான்.

எங்கள் ஆபீஸ் யாரையும் அப்படி இரண்டு வரியில் முடிக்காது.
எதையுமே முடிக்காது.
அவன் பில் நூற்று அறுபத்து மூன்று நாளாய்க்
கணக்குப் பிரிவில் அடைகாத்துக்கொண்டிருக்கிறது.
ஹாங்கரில் நான்கு விமானம்,
மூக்கும் வாலும் முழுசாய் இருந்தும்
வெளிநாட்டு இன்ஜினுக்குக் காத்துக்கிடக்கின்றன.
அவனுடைய முப்பத்தொன்பதில் பாதி
அவற்றின் இறக்கைகளில் அசையாமல்
வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நேற்று இரண்டாம் சனி. எனக்கு விடுமுறை,
அவனுக்கு இல்லை.
நான் தள்ளிய கவ்வி கொட்டகைச் சுவரில் தொங்குகிறது,
அதில் டெம்போ சாவி.
பேச்சின் நடுவில் தகரம் அதிர்ந்தது.
மெஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடினான்.
நாற்பத்தாறு வயசு.

"நம்முது இதில் இருக்கா?"

எந்தத் தேதியில் எது கிளம்பும் என்று எனக்குத் தெரியும்.
அவன் செய்த எட்டு இருந்தது.
எங்கள் ஷாப்பில் செய்து, பதினைந்து மைக்ரான் பிசகி,
மூன்று பொறியாளர்கள் கணக்குப் போட்டுப்
பாதகமில்லை என்று கையெழுத்திட்டு,
அதன் கீழே என் முத்திரையும் விழுந்து
ஏறிய ஒன்றும் இருந்தது.

"இருக்கு" என்றேன்.

நெற்றிக்கு மேல் கை வைத்து
வெங்காய வயல்களுக்கு அப்பால் சத்தம் போகும்வரை
பார்த்துக்கொண்டே நின்றான்.
நானும் அண்ணாந்துதான் நின்றேன்.
அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க
அது வசதியாக இருந்தது.