சனிக்கிழமை மாலை ஐந்தரை வரை

கதவுக் கைப்பிடியில் மாட்டியிருக்கும் பையில்
இரண்டு தண்ணீர்ப் புட்டி, உதட்டுக்கு ஒரு மெழுகு,
என் அத்தை சுட்ட தேங்காய் பிஸ்கட்,
அப்புறம் இந்தத் தாள்.
முதலில் தண்ணீரைக் குடியுங்கள்.
தாகம் எடுத்தபின் குடிப்பது
வேகாஸில் தாமதம்.

திருமணம் சனிக்கிழமை ஐந்தரைக்கு.
அதுவரை உங்களை என்ன செய்வதென்று
தெஸ்ஃபாயேவும் நானும் மூன்று இரவு யோசித்தோம்,
என் ஷிப்ட் முடிந்து விடியல் நான்கு மணிக்கு
அவன் டாக்சியின் முன்னிருக்கையில்.

நீரூற்று ஆடுவதைப் பாருங்கள்.
அந்தத் தெருவில் காசு கேட்காதது அது ஒன்றுதான்.
நடந்தே போய்விடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.
எதிரே தெரியும் ஓட்டல் எதிரே இல்லை.
அடிஸ் அபாபாவிலிருந்து வந்த பெரியப்பா
நேற்று மதியம் அப்படித்தான் கிளம்பினார்.
இன்னும் ஏதோ ஒரு நகரும் படிக்கட்டிலிருந்து
கையாட்டிக்கொண்டிருக்கிறார்.

குழந்தைகளை அணைக்கட்டுக்குக் கூட்டிப் போங்கள்.
ஏரி எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று
பாறையில் வெள்ளைப் பட்டை சொல்லும்.
ஒன்பது வயதில் நான் கால் நனைத்த இடம்
இப்போது என் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில்.
புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
சிரிக்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூடிப்போன ஓட்டல்களின் விளக்கு எழுத்துகளை
ஒரு மைதானத்தில் கிடத்தியிருக்கிறார்கள்.
வெயில் சாய்ந்த பிறகு போங்கள்.
வேலியோரம் பல்பு கழன்ற ஒரு சிவப்பு எழுத்து,
அது அம்மா பதினோரு வருஷம் படுக்கை விரித்த இடம்.
வெடி வைத்துத் தகர்த்த இரவு
கூட்டம் கிண்ணம் உயர்த்திக் கைதட்டியது.
அம்மா எட்டாவது மாடியை மட்டும் பார்த்திருந்தாள்.
அங்கே ஒரு ஜன்னல்
என்ன செய்தாலும் சரியாக மூடாது.

சூதாடத்தான் போகிறீர்கள், தெரியும்.
இருபது டாலரைத் தனிப் பையில் வையுங்கள்.
போனால் சினிமா பார்த்த கணக்கு.
மொய்க் கவரை மட்டும் தொடாதீர்கள்.
போன மாதம் என் மேசையில் ஒருவர் தொட்டார்.
உறைமேல் மணமக்கள் பெயர், பக்கத்தில்
ஒரு குழந்தை வரைந்த கேக்.
அவருக்குப் பதினாறு விழுந்தது.
வாழ்த்துவதற்கு நல்ல எண்;
என் மேசையில் அதைவிடக் கெட்டது கிடையாது.
இன்னொரு சீட்டு கேட்டார்.
போட்டேன்.
போடுவதுதான் என் வேலை.

தூக்கம் வராதவர்கள் யோனாஸை எழுப்புங்கள்,
மாப்பிள்ளையின் தம்பி, எப்படியும் விழித்திருப்பான்.
வடக்கே நாற்பது நிமிஷம் ஓட்டச் சொல்லுங்கள்.
எஞ்சினை அணைத்ததும் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கும்.
பயப்படாதீர்கள், அது ஊர் வடிவது.
வடிந்து முடிய நேரமாகும்.
பிஸ்கட் கையோடு இருக்கட்டும்.

இன்னொன்று.
மேசையை விட்டு எழும்போதெல்லாம்
நாங்கள் உள்ளங்கைகளைத் தட்டி, விரித்து, புரட்டி
கூரையிலிருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும்,
எதையும் எடுத்துப் போகவில்லை என்று.
பதின்மூன்று வருஷப் பழக்கம்.
கடையில் பாக்கிச் சில்லறை வாங்கினாலும் விரிக்கிறேன்,
அக்கா குழந்தையைத் தொட்டிலில் போட்டாலும் விரிக்கிறேன்.
மோதிரம் போட்டதும் நான் கைவிரித்துவிடுவேன் என்று
யோனாஸ் ஐந்து டாலர் கட்டியிருக்கிறான்.
நீங்கள் அவனுக்கு எதிராகக் கட்டுங்கள்.
இந்த ஊரில் ஒரு டீலர்
முன்கூட்டியே சீட்டைக் காட்டுவது இதுதான் முதல் தடவை:
இறுக மூடிக்கொண்டு எழுந்து போவேன்,
எந்தக் கேமராவையும் பார்க்காமல்.

நாற்காலிகள் மேற்கு பார்த்துப் போட்டிருக்கும்.
கறுப்புக் கண்ணாடி கொண்டு வாருங்கள்,
அழுகிறவர்களுக்கும் அது வசதி.

மாரிசெல்