தப்பியவை நோட்டு

சட்டத்தில் விரலுக்கு விலை உண்டு.
கட்டைவிரலுக்கு முப்பது சதம்,
சுட்டுவிரலுக்குப் பதினாலு,
நடுவிரலுக்குப் பன்னிரண்டு,
மோதிரம் போடுகிற விரலுக்கு வெறும் ஏழு.
ஒச்சப்பனின் படிவத்தில் இருபத்தாறு வந்தது.
டைம் ஆபீசில் பன்னிரண்டு வருடமாக
வருகையும் விடுப்பும் கூட்டுகிறவள்,
இதையும் கூட்டினேன்.
மத்தியானம் டப்பாவைத் திறந்து
புளிச்சோற்றில் கை வைத்தவள்
வைத்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கப்பலூர் சிட்கோவில் எங்கள் கம்பெனி
லாரிக்கும் பஸ்சுக்கும் ரப்பர் புஷ் செய்கிறது.
இரண்டு உருளை, நடுவில் நாலு மில்லிமீட்டர்.
ரப்பரும் கரித்தூளும் உள்ளே போய்
பாயாகத் திரும்பி வரும்.
போகிற எல்லாம் திரும்பி வருவதில்லை.

மறுமாதம் பாதுகாப்புக் குழு என்று ஒன்று போட்டார்கள்.
எழுதத் தெரிந்தவள் என்பதால் செயலாளர் நான்.
முதல் கூட்டத்தில் முதலாளி
மஞ்சள் ஹெல்மெட் முப்பது கொடுத்தார்.
"உருளை தலைக்கு மேல இல்லையே சார்" என்றான் சிக்கந்தர்.
டீ ஆறும்வரை யாரும் பேசவில்லை.

அரசரடியில் ஒரு நோட்டு வாங்கினேன், நாற்பது ரூபாய்.
அட்டையில் "தப்பியவை" என்று எழுதி
தண்ணீர் டிரம்மோடு சணலால் கட்டினேன்.
காயம் பட்டதை இல்லை, படப் பார்த்ததை எழுதுங்கள்.
பெயர் வேண்டாம்.
சம்பளம் பிடிக்க மாட்டோம்.
கடைசியாகச் சொன்னதை நம்ப ஆள் இல்லை.
இரண்டு வாரம் வெள்ளைத் தாள்.
மூன்றாம் வாரம் யாரோ அதில்
ஏலச்சீட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள், பிழையாக.
திருத்தி வைத்தேன்.

அப்புறம் ஒரு திங்கள்கிழமை
சுக்தேவ் மாஜி வரைந்தது.
ஒடிசாக்காரன், தமிழ் எழுத்து தெரியாது.
இரண்டு வட்டம். ஒரு ஆள்.
ஆளின் கழுத்திலிருந்து துண்டு
வட்டங்களுக்கு நடுவில் தொங்குகிறது.
முகத்தில் வேறொன்றும் இல்லை,
திறந்த வாய் மட்டும்.
யார் என்று நான் கேட்கவில்லை.
மறுநாள் பேச்சிமுத்து
துண்டை லாக்கரில் வைத்துவிட்டு மெஷினுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு நோட்டுக்கு வாய் வந்தது,
ஒவ்வொரு பக்கத்திலும் கரித்தூள் ரேகை.
ராத்திரி ஷிப்டுல ரெண்டாவது பல்பு செத்து ஒரு மாசம்.
கையுறை போட்டா உருளை மொதல்ல கையுறையத்தான் பிடிக்குது.
அவசரம் அவசரம்னா யாருக்கு, லாரிக்கா?
நிறுத்துற கயிறு மகாலிங்கம் உயரத்துக்குக் கட்டினது,
வெள்ளைத்தாய்க்கு எட்டணும்னா குதிக்கணும்.

வெள்ளைத்தாயை நிற்கவைத்து டேப் பிடித்தோம்.
கயிற்றை எவ்வளவு இறக்கலாம் என்று ஆளுக்கொரு அளவு.
அவள்தான் கேட்டாள்:
"ரெண்டு கையும் மாட்டிக்கிட்டா இழுக்கிறது யாரு?
அப்ப எனக்கு மிச்சம் முழங்கால்தானே?"
முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புப் பட்டை வந்தது.
இடித்தால் உருளை கால் சுற்றுக்குள் நிற்க வேண்டும்.
ஷிப்டு தொடங்குமுன் தினமும்
இடித்துப் பார்க்க ஒன்பது நிமிடம்.
ஒன்பது நிமிடத்துக்கு எத்தனை கிலோ நஷ்டம் என்று
முதலாளி கால்குலேட்டரை எடுத்தார்.
நான் ஒச்சப்பனின் ஃபைலை மேஜையில் வைத்தேன்.
கால்குலேட்டர் தானாக அணைந்தது.

ஒச்சப்பன் இப்போது கேட்டில் வாட்ச்மேன்.
பட்டையைப் பார்க்க ஒரு நாள் உள்ளே வந்தான்.
"போன வருசமே" என்று ஆரம்பித்தான்.
வெளியே லாரி ஹார்ன் அடித்தது, போய்விட்டான்.

மாதாந்தர அறிக்கையில், விபத்து என்ற கட்டத்தில்
ஆறு மாதமாகப் பூஜ்யம் போடுகிறேன்.
போடும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது.
நேற்றைய பக்கத்தில் யாரோ:
பட்டை ஸ்பிரிங் கிறீச்னு கத்துது, எண்ணெய் விடுங்க.
அதற்குக் கீழே:
விட்டாச்சு.
பின்பக்கம் சாய்ந்த எழுத்து,
புதிதாக எழுதப் பழகும் இடது கை.