பக்கம் பதினேழு

தீர்ப்பு வந்தது வெள்ளிக்கிழமை,
மாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு.
பேச்சு கிளம்பக்கூடாத தீர்ப்புகளை
இந்நேரத்தில்தான் வெளியிடுவார்கள் என்று
முதல் வரியாக எழுதி
அழித்தாள் டெல்ஃபின் ஓர்ட்வே.
ஆதாரம் இல்லை, வழக்கம்தான் உண்டு.
வழக்கம் சாட்சிக் கூண்டில் ஏறாது.

ஆர்லிங்டனில் எட்டாவது மாடி.
கீழே சலவைக்கடையின் நீலப் பலகையில்
ஓர் எழுத்து மார்ச் மாதத்திலிருந்து எரியவில்லை.
பத்திரிகைக்கு ஆயிரத்து இருநூறு சொல் வேண்டும்:
இத்தீர்ப்பு என்ன சொல்கிறது,
யாருக்கு, ஏன் இப்போது.

அறுபத்துநான்கு பக்கம்.
அதில் பத்தொன்பது, தார் ஊற்றிய சாலை.
ஒரு பக்கத்தில் ‘ஆகவே’ மட்டும் பிழைத்துக் கிடக்கிறது,
முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு.
இங்கே பூசணி நன்றாகவே தெரிகிறது.
சோற்றைத்தான் காணோம்.

மனுதாரர் டெஸ்ஃபாலெம் ஹப்டே.
கொலம்பஸில் குளிர்பதன லாரி ஓட்டுகிறார்:
கோழி, உறைந்த பட்டாணி, சில வாரம் பூக்கள்.
விமானம் ஏறக்கூடாதவர் பட்டியலில் அவர் பெயர்
இருக்கிறது என்றும் சொல்லமாட்டோம்,
இல்லை என்றும் சொல்லமாட்டோம்
என்று ஏழு ஆண்டாகச் சொல்கிறது அரசு.
அஸ்மாராவில் தம்பி இறந்த அன்று
கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள்,
தொலைபேசியை எடுத்தாள்,
அதன்பின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
பக்கம் நான்கு. இதன்மேல் மை இல்லை.
இதில் ரகசியம் எதுவும் இல்லையாம்.

பதினேழில் டெல்ஃபினின் விரல் நின்றது.
மேற்கோள் குறிகளுக்குள்:
“நியாயமான சந்தேகம் என்பது
██████ ████ ███████ வரை நீளலாம்.”

அவளுடைய வாக்கியம்.
ஒன்பது ஆண்டுக்கு முன், ஜன்னல் இல்லாத அறையில்,
காகிதக் கோப்பையில் சூப் ஆறிக்கொண்டிருக்க எழுதியது.
‘நீளும்’ என்றிருந்ததை
‘நீளலாம்’ என்று திருத்தியதும் அவள்தான்.
அதை நிதானம் என்று அன்று நம்பினாள்;
வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

கறுப்புக்கு அடியில் மூன்று சொல்.
அவளுக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியும்.
அவற்றால் கட்டப்பட்டவருக்குத் தெரியாது.
எழுதினால் சிறை.
எழுதாவிட்டால் கட்டுரை.

கட்டுரையைத்தான் எழுதினாள், விடியும்வரை.
அதை அச்சுக்கு முன் பழைய அலுவலகத்துக்கு
அனுப்பவேண்டும், அதுதான் விதி.
வேலையை விட்டாலும் விடாத கையெழுத்து அது,
முப்பத்தோரு வயதில் போட்டது.
பேனாகூட அவர்களுடையது.

பதினோரு நாள் ஆயிற்று.
அதற்குள் எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள்.
சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக்கும் சமநிலை
என்றார் தொலைக்காட்சியில் ஒருவர்.
சமநிலைதான் என்றார் எதிர்த்து வாதிட வந்தவர்.
தராசைப் பார்த்தீர்களா என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.

கட்டுரை திரும்பி வந்தது.
அவள் பயந்த பத்திகள் அப்படியே இருந்தன.
சட்டத்தைத் திட்டியது, நீதிபதியைக் குத்தியது,
‘கோழைத்தனம்’ என்ற சொல்கூட.
அடித்திருந்தது ஒரே இடம்:

“பதினேழாம் பக்கத்து வாக்கியத்தை
எழுதியது ███.”

அப்படியே அச்சாயிற்று.
அச்சுப்பிழை என்று நினைத்து
இரண்டு பேர் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்கள்.

புதன்கிழமை இரவு ஒரு அழைப்பு.
ஒஹாயோ எண். பின்னணியில்
குளிர்பதன எந்திரத்தின் விடாத இரைச்சல்.
“படித்தேன். அதை எழுதியவரை
உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

அவள் வாயைத் திறந்தாள்.
தெரியும் என்றும் சொல்லமுடியாது,
தெரியாது என்றும் —
தன் குரலில் அது வருவதைக் கேட்டாள்.

இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடியது.
“பரவாயில்லை” என்றார்,
“மிச்சத்தை நானே சொல்லிக்கொள்வேன்.
எனக்கு மனப்பாடம்.”