வெற்றுக் குழி

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
தொண்ணூற்றைந்தில் கால்கள்.
ஒரு பூச்சிக்கு ஒரு கால் போதும்,
வலது நடுக்கால்.
இடுக்கியால் ஒடித்த பிறகு
மற்ற ஐந்தோடு அது
பெட்டிக்குள் குண்டூசியில் நிற்கும்.

கடைசிக் குழியில் தண்ணீர் மட்டும்.
அது ஒன்றும் சொல்லக் கூடாது.
சொல்லாமலிருப்பதுதான்
அதற்குக் கொடுத்திருக்கும் வேலை.

கீரிப்பாறை ரப்பர்க் கூப்பில்
ஒரு கூடார வலை.
துணியில் மோதியவை
மேலேதான் வெளிச்சம் என்று ஏறி
ஸ்பிரிட் புட்டியில் விழும்.
பால் வெட்டுகிற கிறிஸ்துதாஸ்
வாரம் ஒருமுறை புட்டி மாற்றுவார்.
"மழையில பாதி வெள்ளம் கேறியாச்சு" என்பார்.
மிச்சத்தைக் குடிக்கலாமா என்று
ஒருநாள் கேட்டார், சிரிக்காமல்.

போன ஆனியில் அதே மரத்தடியில்
அறுபத்தொரு இனம்.
இந்த ஆனியில் நாற்பத்து நான்கு.
இடையில் களைக்கொல்லி இரண்டு தடவை.
காரணம் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.
'அதே காலத்தில்' என்று எழுதினேன்.

நாகர்கோவிலில் கரண்ட் போய் வந்த ஒரு வியாழக்கிழமை
எழுத்துகள் வந்துசேர்ந்தன,
காலுக்கு அறுநூற்று ஐம்பத்தெட்டு.
ஏ டி டி ஏ, மறுபடி டி, மறுபடி ஏ:
பூச்சிகள் இந்த இரண்டில்தான்
அதிகம் திக்கும்.
ஒன்றுதான் என்று நான் ஒரே டப்பாவில் வைத்த
பழுப்பு அந்துகள்
வேறு வேறாம்.
ஆகவே ஆகாது என்று பிரித்து வைத்த
கறுப்பும் மஞ்சளும்
புருஷன் பெண்டாட்டியாம்.
ஏழு கால்களுக்கு நூலகத்தில் ஆளே இல்லை.
பொருத்தம் இல்லை.
பொருத்தம் இல்லை.

வெற்றுக் குழியும் பேசியிருந்தது.
நூற்றுக்கு நூறு பொருத்தம்:
மனிதர்.

"கையுறை போட்டியா இல்லையா?"
டாக்டர் எட்வின்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.
போட்டிருந்தேன்.
மணிக்கட்டில் விலகியிருக்கலாம்.
தும்மியிருக்கலாம்.
எப்படியோ, நான்தான்.
தட்டு மொத்தமும் குப்பைக்கு.

எல்லோரும் போன பிறகு
என் எழுத்துகளை
அந்தின் எழுத்துகளுக்கு அடியில் அடுக்கினேன்.
மூச்சை எரிக்கிற அதே ஜீன்.
நீளமாக ஒத்துப்போய்,
திடீரென்று விலகி,
மறுபடி ஒத்துப்போய்.
டீ ஆறிவிட்டது.

இந்த ஜீன் அப்பா வழியில் வராது.
அம்மா வைத்திருந்தது,
பெரும்பாலும் ஓர் எழுத்துகூட மாறாமல்.

அம்மா கருங்கலில் அண்டியாபீசில்
இருபத்தாறு வருஷம் தோடு தல்லியவள்.
அண்டிப்பால் தின்ற விரல்களில்
ரேகை கிடையாது.
ரேஷன் கடை மிஷின் சிவப்பாக மின்னும்.
துடைச்சிட்டு வை.
அழுத்தி வை.
அடுத்த விரல்.
பத்தும் முடிந்ததும்
பின்னால் நிற்பவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள்.
"எனக்க வெரலு எனக்கதுதான்னு
இனி ஆருகிட்ட மக்களே எழுதி வாங்கணும்?"
வெறும் சஞ்சியை நாலாக மடித்து
கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.
பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
தட்டு முப்பத்தொன்று. குழி எச் பன்னிரண்டு.
மாசு. நிராகரிக்கப்பட்டது.
கோப்பையும் அழிக்க வேண்டும் என்பது விதி.
அழிக்கவில்லை.
என்ன பெயரில் சேமிக்க என்று கேட்டது கணினி.
ரோஸம்மாள், கருங்கல்
என்று அடித்தேன்.

நாளைக்கு மறுபடி
தொண்ணூற்றைந்து பெட்டிகளைத் திறக்க வேண்டும்.
கையுறை இரண்டிரண்டாக.
இந்த முறை இடது நடுக்கால்.