கம்பி

முதல் சனிக்கிழமை
வாசல் இயந்திரம் என்னைக் கண்டு கத்தியது.
சப்பாத்தைக் கழற்றினேன், காப்பைக் கழற்றினேன்.
பதினொரு பவுண் தாலிக்கொடியை
ஒரு யூரோ போட்டால் பூட்டிக்கொள்ளும்
தகரப் பெட்டிக்குள் வைத்தேன்.
பிறகும் கத்தியது.

காவல்காரி தன் நெஞ்சடியில்
விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.
உள்ளாடைக் கம்பி.
கம்பிக்குப் பின்னால் இருக்கிற மனுசனைப் பார்க்க
கம்பியோடு போகக்கூடாதாம்.

நேரம் முடிந்து கதவு மூடியது.
இவருக்குத் துவைத்த உடுப்புப் பையோடு
ஜூவிசிக்குப் போகிற பஸ் தரிப்பில் நின்றேன்.
அழவில்லை.
குளிருக்கு மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான்.

ஜெனேபாவை அங்கேதான் கண்டேன்.
மாலிக்காரி. மகன் உள்ளே, நாலாம் வருசம்.
என்னிடம் ஒரு கைப்பிடி பிரெஞ்சு,
அவளிடம் இரண்டு.
கைப்பையைத் திறந்து காட்டினாள்:
கம்பியில்லாத உள்ளாடை, ரப்பர் செருப்பு,
நாலைந்து ஒற்றை யூரோ.
"கிழமைக்கு ஒருத்தியாவது இப்படி நிற்பாள்.
அடுத்தமுறை நீலத்தில் எதுவும் கொண்டுவராதே,
அது அவர்களுடைய நிறம்."

லாச்சப்பலில் கேட்கிறவர்களுக்கு
இவர் ஜேர்மனியில் வேலை.
சீட்டுக் காசுக்கு வந்து நிற்கிறவர்களுக்கும் ஜேர்மனி.
மகளுக்கும் அதுதான்.
ஜேர்மனியிலிருந்து
சனிக்கிழமை தோறும் ஊத்தை உடுப்பு வரும்.
யதுசா ஒருநாளும் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்று
மார்கழியில்தான் விளங்கியது.
வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம்
பதினொரு வயதிலிருந்து
அவள்தானே வாசித்துச் சொல்கிறவள்.
இவருடைய மனுவை மறுத்து வந்த கடிதத்தை
"கரண்ட் பில் அம்மா, அவசரமில்லை" என்று
கொப்பிக்குள் மடித்து வைத்திருந்தாள்.

நான் அவளுக்கு ஜேர்மனி சொன்னேன்.
அவள் எனக்குக் கரண்ட் பில்.
இரண்டு அறை வீட்டுக்குள்
ஒருத்திக்கு ஒருத்தி காவல்.

"வாசி" என்றேன். "ஒரு சொல்லும் விடாதே."
வாசித்தாள்.
இரண்டு சொல்லுக்கு அவளுக்குத் தமிழ் தெரியவில்லை.
எனக்கும்தான்.
பிறகு புட்டு அவித்தோம். சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டது.

புதன்கிழமைகளில் இப்போது பிரெஞ்சு வகுப்பு.
இரண்டாவது மனுவை நானே எழுதினேன்.
ஏழு பிழை. யதுசா திருத்தினாள்,
சிவப்பு மையால், ரீச்சர் மாதிரி.

நேற்று வாசலில் ஒரு பிள்ளை.
இருபது வயதிராது, வயிறு ஏழு மாதம்.
இயந்திரம் கத்தக் கத்த
எதைக் கழற்றுவதென்று தெரியாமல் நின்றது.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
அவன் என்ன செய்தான் என்றும்.
"அளவு கொஞ்சம் பெரிது" என்று மட்டும் சொல்லி
என் கைப்பையைத் திறந்தேன்.

அவள் மாற்றி வரும்வரை
அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டேன்.
கனத்தது. துவைத்தது சரியாகக் காயவில்லை.
மேலே ஒரு நீலச் சட்டை.
எடுத்து, மடித்து,
அவள் திரும்பிப் போகும்போது கொடுக்கலாம் என்று
என்னுடைய பெட்டிக்குள்,
தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.